6×4 இலவம் பஞ்சு மெத்தை: எத்தனை கிலோ, எந்தத் துணி, நடுவில் ஏன் குழி விழுகிறது?

கட்டில்கால்
தேக்குக் கட்டில், பலகை அளவு 72 அங்குலத்துக்கு 48. இலவம் பஞ்சு மெத்தை தைக்கக் கொடுக்கணும். ஒரு கடையில் 12 கிலோ போதும்கிறார்கள், இன்னொன்றில் 16, மூன்றாவது கடையில் 20 போட்டால்தான் நிற்கும்கிறார்கள். யார் சொல்வது சரி? துணி நானே வாங்கித் தருவதாக இருந்தால் எத்தனை மீட்டர்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோணி_ஊசி
சதுர அடிக்கு 650 கிராம். உங்களுடையது 24 சதுர அடி, கணக்குப் போட்டால் 15.6 வரும். 16 கிலோ என்று சொல்லிவிடுங்கள்.

12 போட்டாலும் தைத்த அன்றைக்கு மெத்தை பம்மென்று 5 அங்குலம் நிற்கும், வித்தியாசம் தெரியாது. இலவம் பஞ்சு முதல் சில மாதத்தில் உயரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கும். அப்போதுதான் இடுப்பில் பலகை தட்டும். 20 போட்டால் வேறு தொல்லை: நடு மேடாகிவிடும், இரண்டு பேர் படுத்தால் ஆளுக்கொரு பக்கம் சரிவார்கள். ஓரத் தையலும் இழுபட்டு விட்டுப்போகும்.

எடை பேசும்போது ஒன்றை மறக்காதீர்கள். கொட்டை நீக்கிய பஞ்சின் எடையா, துணியோடு சேர்த்த எடையா என்று கேட்டு, உங்கள் எதிரிலேயே தராசில் போடச் சொல்லுங்கள். 16 கிலோ பஞ்சு மூட்டை பார்க்க மலை மாதிரி இருக்கும். பாதி அளவு மூட்டையைக் காட்டி 16 என்றால் உள்ளே கொட்டை இருக்கிறது, இல்லையென்றால் பருத்திக் கழிவு கலந்திருக்கிறது.

தேனிப்பக்கம்
கொட்டை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லலாம். பருத்தியில் இழை கொட்டையின் மேல் தோலிலேயே முளைக்கிறது. அதைப் பிய்க்க ஜின்னிங் வேண்டும். இலவில் இழை காயின் உள்சுவரில் முளைக்கிறது. கொட்டை பஞ்சுக்குள் சும்மா கிடக்கும். அடித்து உதறினாலே கீழே விழுந்துவிடும். குச்சியின் முனையில் குறுக்குச் சிம்புகள் கட்டி, மத்துக் கடைவது போல உருட்டிக் கொட்டையைப் பிரிப்பது பழைய முறை. இப்போது மிஷின்.

அதனால் கொட்டையோடு வரும் பஞ்சு என்றால் சோம்பேறித்தனம், அல்லது எடை ஏற்றும் வேலை. கொட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு. எலி தேடி வரும், பூச்சி வரும். மெத்தையைக் கையால் அழுத்தித் தடவும்போது மிளகு அளவில் உருண்டைகள் தட்டுப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

போடிநாயக்கனூர், வருசநாடு பக்கம் காய் வெடிக்கும் காலம் மாசி கடைசியிலிருந்து வைகாசி வரை. புதுப் பஞ்சு வேண்டுமென்றால் சித்திரை, வைகாசியில் தைக்கக் கொடுங்கள். முற்றாத பச்சைக் காயை வெட்டிக் காயவைத்து எடுத்த பஞ்சும் சந்தைக்கு வரும். அது மினுமினுக்காது, இழையில் துள்ளல் இருக்காது, சீக்கிரம் படிந்துபோகும். நல்ல பஞ்சு வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை, பட்டு போல மினுக்கம். பால் வெள்ளை என்றால் யோசியுங்கள்.

கட்டில்கால்
நன்றி அண்ணே. கலப்படம் கண்டுபிடிக்கத் தண்ணீரில் போட்டுப் பார், மிதந்தால் இலவம், முழுகினால் பருத்தி என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். நம்பலாமா?

இழைமானி
பாதி நம்பலாம். இலவம் இழை ஒரு குழாய். சுவர் மிக மெல்லியது, உள்ளே முக்கால் பங்குக்கு மேல் வெறும் காற்று, மேலே மெழுகுப் பூச்சு. அதனால் அதன் எடையைப் போல 30 மடங்கு வரை தண்ணீரில் தாங்கும். ஆனால் வெளுக்காத பருத்தியின் மேலும் இயற்கை மெழுகு இருக்கிறது. பச்சைப் பருத்தியைப் போட்டாலும் கொஞ்ச நேரம் மிதக்கத்தான் செய்யும். ஆகவே போட்டவுடன் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஒரு சிட்டிகையை விரலால் தண்ணீருக்கடியில் நன்றாக அமுக்கிப் பிசைந்து விடுங்கள். இலவம் துள்ளி மேலே வந்து, உதறினால் ஈரம் உருண்டு ஓடும். பருத்தி பிசைந்தபின் சொதசொதவென்று ஊறிக் கீழே போகும்.

இதைவிட எளிய சோதனை உள்ளங்கையில். பஞ்சை இறுக்கிப் பிடித்து விடுங்கள். பருத்தி கொஞ்சம் உருண்டையாகவே நிற்கும். இலவம் நழுவி விரியும், காற்றில் கிளம்பும்.

பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்றால் நெருப்புதான். ஒரு சிட்டிகை மட்டும், வெளியில், இடுக்கியில் பிடித்து. இலவமும் பருத்தியும் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். கவனம், இலவம் பிடித்தால் குப்பென்று போய்விடும். மூட்டை பக்கத்தில் இருக்கும்போது இந்தச் சோதனை வேண்டாம்.

சேக்கை
பஞ்சைப் பற்றிப் பேச்சு வந்ததால் பெயரைப் பற்றியும். இலவம் என்ற பெயரில் இரண்டு மரங்கள் ஓடுகின்றன. சங்கப் பாட்டில் இலை உதிர்ந்த கிளையில் செக்கச்செவேல் என்று பூப்பதாக வரும் இலவம், முள்ளிலவு. இன்று தோப்பாக வளர்த்து மெத்தைக்குப் பஞ்சு எடுப்பது வெளிறிய பூ பூக்கும் வேறொரு மரம்; அதன் தாயகங்களில் ஒன்று வெப்பமண்டல அமெரிக்கா. இரண்டின் காயிலும் பஞ்சு வரும், இரண்டையுமே மெத்தையில் திணிக்கலாம். இலவு காத்த கிளி எந்த மரத்தில் உட்கார்ந்திருந்தது என்று கேட்காதீர்கள், இரண்டிலுமே அதற்கு ஏமாற்றம்தான்.

தும்பு
எங்கட பக்கம் சிங்களத்தில இதைக் கொட்ட புளுன் எண்டு சொல்லுவினம். கொட்ட எண்டால் தலையணை, புளுன் எண்டால் பஞ்சு. தமிழ் ஆக்கள் கேட்டுப்போட்டு "கொட்டைப் பஞ்சு" எண்டு விளங்கிக்கொண்டு, கொட்டை எடுக்காத பஞ்சாக்கும் எண்டு நினைக்கிறதும் உண்டு. கடையில சண்டை பிடிக்க முதல் ஒருக்கா விசாரியுங்கோ.

அதோட, இலங்கையில தும்பு எண்டால் தென்னை நார். தும்பு மெத்தை வேற, பஞ்சு மெத்தை வேற.

கோணி_ஊசி
துணிக் கணக்குக்கு வருகிறேன். 54 அங்குல அகலத் துணி என்று வைத்துக்கொள்வோம்.

மெத்தை நிறைந்ததும் மேல் துணி வளைவதால் நீள அகலம் இரண்டும் சுருங்கும். அதனால் 72×48 மெத்தைக்கு மேல் துண்டும் கீழ்த் துண்டும் 75×51 வெட்ட வேண்டும். இரண்டுக்கும் நீளவாக்கில் 150 அங்குலம். பக்கப் பட்டி 6 அங்குல அகலம் (தையலுக்குப் போக 5 நிற்கும்), சுற்றளவு 252 அங்குலம். துணியின் குறுக்கே 6 அங்குலமாக 5 பட்டி வெட்டினால் ஒட்டுத் தையலுக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். அது 30 அங்குலம். ஆக 180 அங்குலம், 4.57 மீட்டர். துணியை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுத்தான் வெட்ட வேண்டும், சுருக்கம் போகும். அதற்கும் சேர்த்து 4¾ மீட்டர் வாங்குங்கள்.

பட்டி இல்லாமல் இரண்டு துண்டை மட்டும் சேர்த்துத் தைத்தால் அது மெத்தை இல்லை, பெரிய தலையணை. ஓரம் கூம்பிப் போய், படுக்க உதவும் அகலத்தில் முக்கால் அடி வீணாகும்.

இழைமானி
துணி எது என்பதையும் சொல்லிவிடலாம். பூப்போட்டது, கோடு போட்டது என்பதெல்லாம் அழகுக்கு. பார்க்க வேண்டியது நெசவின் நெருக்கம். இலவம் இழை 1 முதல் 3 செ.மீ. நீளம்தான், தலைமுடியைவிட மெல்லியது, வழுக்கும். கொஞ்சம் இடைவெளி கிடைத்தால் ஊசி மாதிரி நுழைந்து வெளியே வரும். போர்வையில் வெள்ளையாக ஒட்டுவது அதுதான். துணியை வாயோடு ஒட்டவைத்து ஊதுங்கள். மூச்சு எளிதாக அந்தப் பக்கம் போனால் அந்தத் துணி வேண்டாம். சாய்வரி நெசவில் (ட்வில், துணியில் சாய்வான வரிகள் தெரியும்) நெருக்கமாக நெய்த கெட்டிப் பருத்தித் துணிதான் இதற்கு. ஐரோப்பாவில் இறகு மெத்தை தைத்தவர்கள் துணியின் உள்பக்கம் தேன்மெழுகோ சோப்போ தேய்த்துக் கண்ணை அடைப்பார்கள். இங்கே அந்த அளவுக்குத் தேவையில்லை, உள்ளுறை ஒன்று, மேலுறை ஒன்று என்று இரண்டாகப் போட்டால் போதும். மேலுறையைக் கழற்றித் துவைக்கலாம்.

கட்டில்கால்
இப்போது முக்கியக் கேள்வி. பழைய மெத்தையில் நடுவில் குழி, ஓரத்தில் மேடு. பஞ்சு குறைவு என்பதாலா?

இழைமானி
எடை மட்டும் காரணமில்லை. பருத்தி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் முறுக்கிய நாடா மாதிரி இருக்கும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதனால்தான் அதில் நூல் நூற்க முடிகிறது. அதனாலேயே பருத்தி மெத்தை கட்டி தட்டவும் செய்கிறது. இலவம் இழை வழவழப்பான குழாய், முறுக்கு கிடையாது, பிடிமானம் கிடையாது. தனியாக நூற்பது கடினம். மெத்தைக்குள் எடை விழும் இடத்திலிருந்து வழுக்கி ஓரத்துக்கு ஒதுங்கும். அதை ஒரே இடத்தில் நிறுத்துவது தையல் ஒன்றுதான்.

கோணி_ஊசி
அதேதான். பலரும் பஞ்சுக்குப் பணம் கொடுத்துவிட்டு, மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்துக் கட்டும் முடிச்சில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

72×48-க்கு நீளத்தில் 7 வரிசை, அகலத்தில் 4, ஆக 28 முடிச்சு. இடைவெளி 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. கடையில் 12 முடிச்சோடு நிறுத்துவார்கள். ஓர் அடிக்கு மேல் இடைவெளி விட்டால் பஞ்சு தாராளமாக நடமாடும்.

முறை இது. நிரப்பி வாயைத் தைத்தபின் மெத்தையைத் தரையில் போட்டுக் கையால் தட்டிச் சமன் செய்து, சாக்பீஸால் இரண்டு பக்கமும் புள்ளி வைக்கணும். 10 அங்குல நேர் ஊசியில், மெழுகு பூசிய தடித்த பருத்தி நூல் இரட்டையாக. நைலான் வேண்டாம், அது துணியை அறுக்கும். மேலிருந்து குத்திக் கீழே எடுத்து, கால் அங்குலம் தள்ளித் திரும்ப மேலே. இரண்டு பக்கமும் நூலுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவு கெட்டித் துணியோ தோலோ வைத்தால் முடிச்சு உள்ளே இழுத்துக் கிழிக்காது. ஒருவர் முழங்காலால் அந்த இடத்தை அமுக்க, 5 அங்குலத்தை 3½ ஆக இறக்கி முடிச்சுப் போடணும். நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் பஞ்சு நடுவில் குவிந்து, கடைசி முடிச்சுகளில் நூல் அறும்.

நிரப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தலைமாட்டுப் பக்கம் ஒன்றரை அடி வாய் விட்டுத் தைத்து, முதலில் தூரத்து இரண்டு மூலைகளைக் கையால் இறுக்கமாக. மூலை தளர்ந்தால் பின்னால் எதுவும் செய்ய முடியாது. பிறகு ஓரம், கடைசியில் நடு. ஃபேன் போடக் கூடாது, ஜன்னல் சாத்தணும், மூக்கில் துணி கட்டணும், பீடி, விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. பஞ்சு பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளிக்கிறவர்கள் உண்டு. அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டு, பத்து நாளில் பூஞ்சை நாற்றம் கிளம்பும்.

தேனிப்பக்கம்
பழைய பஞ்சைத் திரும்ப அடித்துப் போடலாமா என்றும் அடுத்து கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடலாம். பருத்தி என்றால் தாராளமாக. பஞ்சு கொட்டுகிறவரின் வில்லே அதற்காக வந்ததுதான்: நாணைப் பஞ்சுக்குள் அதிரவிட்டால் கட்டி உடைந்து விரியும். இலவத்தில் ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. இழை நொறுங்கும் வகை. மிஷினில் போட்டு அடிக்க அடிக்க மாவாகும். அந்த மாவுதான் தும்மலுக்குக் காரணம். கையால் பிரித்து உதறி, தூசியைச் சலித்து விட்டு, எஞ்சியதோடு மூன்றில் ஒரு பங்கு புதுப் பஞ்சு கலப்பது நல்லது.

சேக்கை
வில் என்றதும் நினைவுக்கு வருகிறது. நற்றிணையில் அலையின் நுரைப் பிசிருக்கு உவமை "வில் எறி பஞ்சி". பஞ்சு கொட்டுகிற வில் அவ்வளவு பழசு.

படுக்கைக்கான சொற்கள் தமிழில் ஏராளம். பாய் என்பது பரவு என்ற பொருள் தரும் வினையிலிருந்து. பாயல், பாயணை அதன் உறவு. சே என்றால் தங்கு, கிட, அதிலிருந்து சேக்கை. மோசிகீரனார் தெரியாமல் ஏறித் தூங்கிய முரசு கட்டிலின் பூவிரிப்பை எண்ணெய் நுரையை முகந்து வைத்தது போன்ற மென்பூஞ்சேக்கை என்கிறார், புறநானூற்றில். அமளி என்றாலும் படுக்கைதான், இன்று சட்டசபைச் செய்தியில் மட்டும் வருகிறது. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு அன்னத்தின் தூவி அடைத்த அணை. தலையணையில் இருக்கும் அணை அதுவே.

மெத்தை, மெல், மெத்தென்ற எல்லாம் ஒரே வேர்.

கட்டில்கால்
அப்படியானால் ஆங்கில மேட்ரஸ் நம் மெத்தையிலிருந்து போனதுதானா? வாட்ஸப்பில் சுற்றுகிறதே.

சேக்கை
இல்லை. அது அரபு மத்ரஹ், ஏதாவது ஒன்று எறிந்து போடப்படும் இடம். தரையில் மெத்தை போட்டுப் படுக்கிற வழக்கத்தோடு சிசிலி, இத்தாலி வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஒலி ஒத்துப்போவது தற்செயல்.

பஞ்ச சயனத்தையும் சொல்லணும். திருப்பாவையில் கோட்டுக்கால் கட்டில்மேல் மெத்தென்ற பஞ்ச சயனம் வருகிறதே, அந்த ஐந்துக்கு இரண்டு விளக்கம் உண்டு. அன்னத்தூவி, இலவம்பஞ்சு, செம்பஞ்சு, வெண்பஞ்சு, மயிர் என்று ஐந்து அடைபொருள் என்பது ஒன்று. அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை என்று படுக்கையின் ஐந்து குணம் என்பது இன்னொன்று. மெத்தை தைக்கிறவர்களுக்கு முதல் விளக்கம்தான் பிடிக்கும்.

தும்பு
குளிர்ச்சி எண்ட கதை வந்ததால கேக்கிறன். இலவம் பஞ்சு உடம்புச் சூட்டை இழுக்கும் எண்டு விக்கிறாங்களே, உண்மையோ?

இழைமானி
சூட்டை இழுக்காது. உள்ளே காற்று அடைத்த குழாய் வெப்பத்தைக் கடத்தாது. குளிர்நாட்டில் இதையே கோட்டுக்குள் வைத்துத் தைக்கிறார்கள். நம் ஊரில் அது குளுமையாகத் தெரிவதற்குக் காரணம், ஒப்பிடுவது ஃபோமோடு. ஃபோமில் உடம்பு அமிழ்ந்து, தோலை ஒட்டிய ஆவி வெளியேற வழியில்லாமல் வேர்க்கும். பஞ்சிலும் தென்னை நாரிலும் ஆவி துணி வழியாகப் போய்விடும். கட்டிலும் ஒரு காரணம். அடியில் ஒட்டுப்பலகை முழுதாக அடைத்திருந்தால் எந்த மெத்தையும் வேர்க்கும். சட்டங்களுக்கு நடுவே 2 அங்குலம் இடைவெளி விட்டால் வித்தியாசம் அன்றிரவே தெரியும்.

இன்னொன்று, இலவம் தண்ணீரை உதறுமே தவிர, காற்றில் உள்ள ஈரத்தை ஏற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மெத்தை கனப்பதும் வாடை வருவதும் அதனால்.

தேனிப்பக்கம்
அதற்குத்தான் வெயில். மாதம் ஒரு முறை, காலை 10 மணிக்குப் போட்டு நடுவில் ஒரு முறை திருப்பி 1 மணிக்கு எடுத்தால் போதும். சாயங்காலம் வரை விட்டால் பனி ஏறும். நாள் முழுக்கக் கடும் வெயிலில் காய்ச்சினால் இழை மொறுமொறுப்பாகி உடையும். குச்சியால் அடிக்காதீர்கள். கையால் தட்டினால் போதும்.

மூட்டைப்பூச்சிக்கு இந்த வெயில் போதாது. மெத்தை நல்ல வெப்பத்தடுப்பு. மேல் கொதித்தாலும் அடிப்பக்கம் இதமாக இருக்கும், பூச்சி அங்கே நகர்ந்துகொள்ளும். முட்டையும் சாக வேண்டுமென்றால் உள்ளே எல்லா இடத்திலும் 50 டிகிரிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் நிற்கணும். முதலில் ஓரத் தையல் மடிப்பையும் முடிச்சுக் குழியையும் பாருங்கள், குடியிருப்பு அங்கேதான்.

தும்பு
தும்பு மெத்தையைப் பற்றியும் ரெண்டு வரி. நேரான நாரை அடைச்சால் அது ஸ்பிரிங் மாதிரி எழும்பாது, பலகைதான். அதுக்காக நாரை முதல்ல கயிறாத் திரிச்சு, கொஞ்சக் காலம் அப்பிடியே வைச்சு, பிறகு பிரிக்கிறது. சுருள் நிண்டுடும். அந்தச் சுருள் நாரில ரப்பர் பால் தெளிச்சு, அமுக்கி, சூடேத்தி எடுத்தால் ரப்பர் தும்பு மெத்தை. முதுகுக்குக் கெட்டியா வேணும் எண்டால் 4 அங்குலத் தும்பு மெத்தைக்கு மேல 2 அங்குலப் பஞ்சு மெத்தை போடலாம். அப்ப பஞ்சு 7 கிலோ காணும்.

கோணி_ஊசி
நல்ல யோசனை. 2 அங்குல மெத்தையில் முடிச்சு இன்னும் நெருக்கமாக, 6 அங்குலத்துக்கு ஒன்று. இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் ஓரத்துக்கு ஓடிவிடும்.

தலையணை கேட்கவில்லை, இருந்தாலும்: 17×27 உறைக்கு 1 கிலோ நடுத்தரம், 1¼ கெட்டி. புதிதில் கழுத்தைத் தூக்கும், இரண்டு மாதம் பொறுங்கள்.

கட்டில்கால்
கைக்குழந்தைக்கும் இதே பஞ்சில் சின்ன மெத்தையும் தலையணையும் தைக்கச் சொல்லலாமா?

இழைமானி
வேண்டாம். ஒரு வயதுக்குள் தலையணையே கூடாது. மெத்தை அமிழாத, சமமான, கெட்டியானதாக இருக்கணும். முகம் புதைகிற எதுவும் மூச்சடைப்பு அபாயம்.

சேக்கை
கொசுறாக ஒன்று. கப்பலில் மிதவைச் சட்டைக்குள் அடைத்ததும் இதே பஞ்சுதான், பெரும்பாலும் ஜாவாவிலிருந்து. 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குச் சரக்கு நின்றது. மாற்றாகப் பால்வடியும் ஒரு காட்டுச் செடியின் பஞ்சைப் பள்ளிப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கச் சொன்னார்கள். இரண்டு மூட்டை ஓர் உயிரைக் காக்கும் என்பது முழக்கம். அந்தச் செடி நம் எருக்குக்கு ஒன்றுவிட்ட உறவு. எருக்கம் பஞ்சில் தலையணை அடைத்த நம் ஊர் வழக்கத்தை யாரும் சிரிக்க வேண்டியதில்லை.

கட்டில்கால்
சரி, கடைக்கு எடுத்துப்போகும் சீட்டு: கொட்டை நீக்கிய பஞ்சு 16 கிலோ, எதிரில் எடை. சாய்வரித் துணி 4¾ மீட்டர், நனைத்துக் காயவைத்தது. பட்டி 6 அங்குலம். 28 முடிச்சு, பருத்தி நூல். ஏதாவது விட்டுப்போயிற்றா?

கோணி_ஊசி
ஊசி. தைக்க உட்காரும்போது எத்தனை ஊசி எடுத்தார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள், எழும்போதும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் மெத்தையை வீட்டுக்கு எடுக்காதீர்கள். பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைத் துணியின் மேல் மெதுவாக நகர்த்தினால், மேலாக இருக்கும் ஊசி ஒட்டிக்கொள்ளும். ஆழத்தில் போயிருந்தால் வாயைப் பிரித்துத்தான் தேடணும்.

கட்டில்கால்
காந்தம் இருக்கிறது அண்ணே.